வெண்மணி முதல் கம்பாலப்பள்ளி வரை: அப்பீலில் வழக்கு நிற்பதும் விழுவதும் எதனால்?

நந்திதுர்க்,

நிலத்தகராறிலோ கூலித்தகராறிலோ கொலை விழுந்தால், செஷன்ஸ் கோர்ட்டு தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிட்டதாக ஊரார் நினைப்பதுண்டு. உண்மையில் பாதி வழக்கு அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அப்பீல் கோர்ட்டில் சாட்சிகள் வழக்கமாக மறுபடி கூண்டில் ஏறுவதில்லை. கீழ்க்கோர்ட்டில் பதிவான சாட்சியம்தான் அங்கே பேசுகிறது. அந்தக் காகிதத்தில் ஓட்டை இருந்தால் வழக்கு சாய்ந்துவிடும்.

தமிழர்கள் மறக்க முடியாத உதாரணம் கீழவெண்மணி. அன்றைய கீழத்தஞ்சையில் நிலம் மிராசுதார்கள் கையில். உழைப்பு தாழ்த்தப்பட்ட மக்கள் கையில். செங்கொடிச் சங்கம் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டது. மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் கண்டனர். அதன் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு. 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசையில் 44 பேர் தீக்கிரையாயினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

1970-ல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட்டு நாயுடு உள்ளிட்ட சிலருக்கு 10 ஆண்டு தண்டனை விதித்தது. 1973 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. பெரும் நிலமும் செல்வாக்கும் உள்ளவர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்து வந்து குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்று நீதிபதிகள் கருதினர். அதே நாளில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கிலோ தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள். செல்வம் சந்தேகத்தின் பலனாக மாறியது என்ற மனக்குறை இன்றும் ஆறவில்லை. நாயுடு 1980-ல் கொலையுண்டார். கோர்ட்டில் தீராத பகை வயல்வரப்பில் தீர்க்கப்பட்டது. இது யாருக்கும் நியாயமான முடிவல்ல.

வெண்மணியில் சாட்சிகள் சொன்னார்கள், கோர்ட்டு நம்பவில்லை. கம்பாலப்பள்ளியில் சாட்சிகளே சொல்லவில்லை. தங்கவயலைப் போலவே அப்போது கோலார் மாவட்டத்தில் இருந்த ஊர் அது, சிந்தாமணி தாலுகா. 2000 மார்ச் 11-ந் தேதி தாழ்த்தப்பட்ட மக்கள் 7 பேர் வீட்டோடு எரிக்கப்பட்டனர். சாட்சிகள் பிறழ்ந்தனர். 2006-ல் அனைவரும் விடுதலை. 2014-ல் கர்நாடக ஐகோர்ட்டும் அதையே உறுதி செய்தது. ஏழு பேர் செத்தது மெய். கொன்றவர் எவரும் இல்லை!

மூன்றாவது உதாரணம் வேறு கதை சொல்கிறது. மதுரை மாவட்டம் மேலவளவில், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சாயத்துத் தலைவர் பதவியை ஏற்றதற்காக முருகேசனும் அவருடன் ஐந்து பேரும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டனர். விசாரணை ஊருக்கு வெகுதூரத்தில், சேலம் கோர்ட்டில் நடந்தது. 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2006-ல் ஐகோர்ட்டிலும் 2009-ல் சுப்ரீம் கோர்ட்டிலும் தண்டனை நின்றது. வெட்டுப்பட்டுப் பிழைத்தவர்கள் சொன்ன சொல்லில் நின்றார்கள். எதிராளியின் நிழல் விழாத இடத்தில் அதைச் சொல்லவும் முடிந்தது.

ஆகவே அப்பீலின் தலைவிதி ஐகோர்ட்டில் மட்டும் எழுதப்படுவதில்லை. சாட்சி குடியிருக்கும் தெருவிலேயே அது எழுதப்படுகிறது. எவன் நிலத்தில் கூலி வேலையோ அவனுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வேண்டியவன், மறுநாள் அடுப்பெரிவதை நினைக்காமல் இருக்க முடியுமா?

சட்டம் ஓரளவு மாறியிருக்கிறது. வெண்மணிக் காலத்தில் விடுதலையை எதிர்த்து அப்பீல் செய்வது பெரும்பாலும் சர்க்கார் கையில் இருந்தது. 2009 டிசம்பர் 31 முதல் பாதிக்கப்பட்டவரே அப்பீல் செய்யலாம். தீண்டாமைக் கொடுமை வழக்குகளில் சாட்சிகளுக்குப் பாதுகாப்பும் பயணச் செலவும் தர வேண்டும் என்ற விதி 2016 ஜனவரியில் அமலுக்கு வந்தது. எல்லா வழக்குகளுக்குமான சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றது.

விதி இருந்தால் போதாது. கேட்டு வாங்க வேண்டும். சுரங்கம் 2001-ல் மூடிய பிறகு விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய்ப் பிழைக்கும் தங்கவயல்காரர் பலருக்கு ஊரில் இன்னும் ஒரு துண்டு நிலமும் ஒரு தகராறும் உண்டு. சொந்த ஊர் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால், ஒருநாள் கூலி போகிறதே என்று ஒதுங்காமல் படியையும் பாதுகாப்பையும் மனுப்போட்டுக் கேட்கலாம். முதல் நாள் சொன்ன சாட்சியம் உறுதியாக இருந்தால்தான் கடைசிக் கோர்ட்டிலும் அது நிற்கும்.