படிப்பகத்தில் இல்லாத புத்தகம்

சென்ற திங்கள், குன்னத்துப் படிப்பகத்திலே 15 வயதுத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, போலீசு பிடித்துக்கொண்டு போன பையனைப் பற்றிக் கதைப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா?"

ஏன் கேட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. யாரோ ஒருவர் மோட்டார்க் கொட்டகையிலே கம்பி களவு போயிற்று. இவனுடைய அண்ணனை விசாரணைக்கென்று அழைத்துச் சென்றார்கள். இரண்டு நாள் வைத்திருந்து, குற்றமில்லை என்று அனுப்பினார்கள். அவர்கள் கேட்ட முதற்கேள்வி, "எந்தத் தெருப் பையன்?" என்பதாம். அண்ணனுக்கு வயது 17. பதினெட்டு நிரம்பாதவனைக் காவல் நிலைய அறையில் அடைத்தலாகாது என்று 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் சொல்லுகிறது. அவனுக்கு அதைச் சொன்னவர் யார்?

அலமாரியைத் துழாவினேன். வரலாறு உண்டு, சொற்பொழிவு உண்டு. அவன் வயதுக்கு, அவன் வலிக்கு ஒன்று கிடைக்கவில்லை.

அமெரிக்காவிலே இருக்கிறது, தோழர்களே! 1989இல் நியூயார்க்கு நகரப் பூங்காவில் நடந்த கொடுமைக்காக, கருப்பினச் சிறுவர் நால்வரும் இலத்தீன் அமெரிக்க வழிவந்த ஒருவனும் பிடிக்கப்பட்டனர். 14 முதல் 16 வயதுப் பிள்ளைகள். மிரட்டி வாங்கிய வாக்குமூலங்களே பெருஞ்சான்று! 2002இல் உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டான், மரபணுச் சோதனையும் அவனையே காட்டிற்று, தீர்ப்பு ரத்தாயிற்று. ஐவரில் ஒருவரான யூசெப் சலாம், ஏறத்தாழ ஏழாண்டு அடைபட்டுக் கிடந்தவர், எழுத்தாளர் ஐபி சோபாயுடன் சேர்ந்து 2020இல் இளைஞருக்கென்றே 'பஞ்சிங் தி ஏர்' என்ற கவிதைப் புதினத்தை எழுதினார். அமல் என்ற கருப்பினச் சிறுவன், ஓவியன், சண்டையொன்றில் வெள்ளைச் சிறுவன் நினைவிழந்ததற்காகச் சிறைபுகுகிறான். முதலடி அவனுடையது, கடைசி அடி அவனுடையதன்று. நீதிமன்றம் அவன் கையைப் பார்க்கவில்லை, தோலைப் பார்த்தது!

நமக்கென்ன, கதைக்கா பஞ்சம்? குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே பிறந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதிலே ஒரு விதி: பட்டியலிடப்பட்ட சாதியின் பிள்ளைகளை, ஆறு வயதுக்கு மேல் பதினெட்டுக்குள், பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கலாம். செய்த குற்றம்? பிறந்தது! பட்டியலில் பிரமலைக் கள்ளர் இருந்தனர், குறவர் இருந்தனர், வேப்பூர்ப் பறையரும் இருந்தனர். (நம் வட்டத்து வேப்பூர் அன்று; வெள்ளாற்றுக்கு வடக்கே, விருத்தாசலம் பக்கத்து வேப்பூர்.) 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. "எந்தத் தெரு?" ஒழிந்ததா?

கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், இளமையில் குண்டூர்க் காவல் நிலையத்திலே பட்ட பாட்டை 'லாக்கப்' என்று எழுதினார். 2015இல் 'விசாரணை' என்ற படமாயிற்று. அரிய நூல், ஆனால் பெரியவர்களுக்கானது. அமலுக்குச் சிறையிலே ஓவியம் துணை நின்றதே, அப்படியொரு துணையும் அல்லவா தம்பிக்கு வேண்டும்?

இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, கெட்டுப்போவார்களே என்று தலைமையாசிரியர் ஒருவர் முகஞ்சுளித்தார். 2022 டிசம்பரில், செங்கற்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்திலே 17 வயதுச் சிறுவன் இறந்தான். பணியாளர் அறுவர் கைதாயினர். அடைப்பதற்கு வயது போதுமாம், படிப்பதற்கு மட்டும் போதாதாம்!

அந்த இல்லங்களைச் சீர்செய்ய, நீதிநாயகம் சந்துருவைக் கொண்டு அரசு 2023இல் குழு அமைத்தது. பரிந்துரைகளை நிறைவேற்றுவது கோட்டையின் வேலை. நம் கட்சி ஆண்டாலும் பிற கட்சி ஆண்டாலும் கேட்டுக்கொண்டேயிருப்போம். புத்தகம் நம் வேலை. மேடையிலே மூன்று மணி நேரம் முழங்கும் தோழர்களுள் ஒருவர் முப்பது பக்கம் எழுதலாகாதா? தம்பியின் அண்ணன் பேச இசைந்திருக்கிறான். ஞாயிறு மாலைகளில் படிப்பகத்திலேதான் இருப்பான்.