மருந்துப் புட்டியும் தமிழ் உரைநடையும்

தமிழ் உரைநடை வரலாற்றை எழுதுவோர் ஆறுமுக நாவலரிலே தொடங்கிப் பத்திரிகைத் தலையங்கங்களுக்கு வந்து சேர்வது வழக்கம். அத்தலையங்கத்தின் பக்கத்திலேயே, சில வேளை அதனினும் பெரிய எழுத்தில், அச்சாகிய மருந்து விளம்பரம் அவர் கண்ணிற் படுவதில்லை. பட்டாலும், நகைப்புக்கென ஒரு வரியை எடுத்துக்காட்டிவிட்டு அப்பாற் செல்வர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தாதுபுஷ்டி லேகியமும் சர்வரோக நிவாரணியும் விற்ற அவ்வுரைநடை நகைப்புக்குரியதன்று. தன் உடலைப் பற்றித் தமிழ் வாசகன் எண்ணும் முறையையே அது மாற்றியமைத்தது.

முதலிற் பெயரை நோக்குவோம். 'பேட்டன்ட் மருந்து' எனப்பட்டவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு ஆக்கவுரிமை இருந்ததேயில்லை. ஆக்கவுரிமை வேண்டுவோர் செய்முறையை வெளியிடவேண்டும். வணிகருக்கு வேண்டியிருந்ததோ மறைப்பு. ஆதலின் அவர் காத்துக்கொண்டது வணிகப் பெயரை மட்டுமே. பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1909இல் 'இரகசிய மருந்துகள்' என்னும் நூலை வெளியிட்டு அம்மறைப்பைக் கலைத்தது. பெட்டி ஒன்று ஒரு கினி பெறும் என விளம்பரஞ் செய்யப்பட்ட பீச்சம் மாத்திரையிலே கண்டறியப்பட்டவை கரியபோளமும் இஞ்சியும் சவர்க்காரமுமே. ஒரு சிலிங் ஒன்றரைப் பென்சுக்கு விற்ற பெட்டியில் 56 மாத்திரைகள். அவற்றின் சரக்கு விலை ஏறத்தாழ அரைப் பார்திங். நூறு மடங்குக்கு மேற்பட்ட இவ்விடைவெளியை நிரப்பியவை சொற்களே.

பத்திரிகைகள் ஏன் வாய்திறக்கவில்லை? அமெரிக்காவிலே 1905இல் 'கொலியர்ஸ்' இதழில் சாமுவேல் ஹொப்கின்ஸ் அடம்ஸ் எழுதிய தொடர் இதற்கு விடை தந்தது. மருந்து வணிகருக்குப் பாதகமான சட்டம் நிறைவேறினால் விளம்பர ஒப்பந்தம் இரத்தாகும் என்ற வாசகம் பத்திரிகைகளோடு செய்த உடன்படிக்கைகளிலேயே இருந்தது. சட்டத்தைத் தடுக்கும் பொறுப்பு இவ்வாறு பத்திரிகை முதலாளியின் தலையில் ஏற்றப்பட்டது.

சுதேசிப் பத்திரிகைகள் மருந்து விளம்பரத்தால் அன்றோ உயிர்வாழ்ந்தன எனச் சிலர் வாதிப்பர். 1893இல் பம்பாயிலே அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேசுவரராவ் அவ்வணிக வருவாயின் துணையோடு 1908இல் 'ஆந்திர பத்திரிகை'யைத் தொடங்கியது உண்மையே. தலைவலித் தைலத்தைத் தலைவலித் தைலமாக விற்பதிற் குற்றமில்லை. ஆயின், விளம்பரத்தை உண்டு வளரும் ஏடு அடுத்த பத்தியிலுள்ள பொய்யை ஆராயுமா என்ற வினாவுக்குச் சுதேசியம் விடையாகாது.

வாசகர் பாமரர், ஆதலால் ஏமாந்தனர் என்பது இன்னொரு வாதம். பாமரர் பத்திரிகை வாங்கவில்லை. வாங்கியோர் எழுதுவினைஞரும் ஆசிரியருமே. ஊர் வைத்தியரிடம் சொல்லக் கூசியதை அவர்கள் தபால் மூலம் தீர்க்க முயன்றனர். அக்கூச்சத்தை விளம்பரகாரர் நன்கறிந்திருந்தார்.

மருத்துவத்தைத் தெளிவுறச் சொல்லத் தமிழுக்கு ஆற்றலில்லாதிருந்ததா? 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, இரணவைத்தியம் பற்றிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். எலும்புக்கும் நாடிக்கும் தசைக்கும் அவர் தமிழ்ச்சொல் தேடினார். விளம்பரமோ 'நரம்புத் தளர்ச்சி', 'இரத்தக் கெடுதி' என்னுஞ் சொற்களைப் பரப்பியது. எந்நோயையும் திட்டமாகக் குறிக்காத இச்சொற்களை எவரும் தம்மிடத்தே காணலாம். களைப்பில்லாத எழுதுவினைஞர் எங்கேயுளர்?

பெயரை விற்கும் இவ்வணிகம் புட்டி மருந்தோடு மறைந்துவிடவில்லை. மருத்துவர்களுக்கு அனுப்பப்படும் விற்பனைப் பிரதிநிதிகளாக அது உருமாறியது. இலங்கையில் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக பிபிலேயும் 1971இல் அளித்த அறிக்கை இதனையே எதிர்த்தது. அதே ஆண்டில் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பிபிலே அதன் முதல் தலைவரானார். வணிகப் பெயரை விடுத்து மூலப் பெயராலே மருந்தை வாங்குதலும் வழங்குதலும் அவர் கொள்கை. பல்தேசியக் கம்பனிகள் அதனைக் கடுமையாக எதிர்த்தன. 1977இல் அவர் கயானாவிலே காலமானார். தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் 2015இலேதான் வந்தது. இடையிற் கழிந்தவை 38 ஆண்டுகள்.

கிருலப்பனையிலோ வெள்ளவத்தையிலோ மருந்துக்கடையின் முன்னே நிற்பவர் இன்றும் பெரும்பாலும் வணிகப் பெயரைச் சொல்லியே மருந்து கேட்கிறார். பெட்டியினுள் மடித்து வைத்த தாளிலே மருந்தின் இயல்பும் தீங்கும் நுண்ணிய ஆங்கில எழுத்தில் உள்ளன. கிறீன் தேடிய தமிழ் அத்தாளில் இல்லை.