கூடலுக்குப் பெயர் சங்கமமா?

சீட்டு வாங்கி இசையவைகளுள் அமர்ந்து கேட்பதே கலை என்றிருந்த சென்னையில், 2007ஆம் ஆண்டில் பூங்காக்களிலும் தெருக்களிலும் பறை முழங்கிற்று. கரகமும் ஒயிலும் கட்டணமின்றி மக்கள் நடுவே ஆடின. ஊர்ப்புறக் கலைஞர்கள் தலைநகரில் தலைநிமிர்ந்து நின்ற அவ்விழாவை நெஞ்சாரப் போற்றுகின்றோம். இடையில் நின்றுபோன அது, 2023இல் தமிழ்நாட்டரசால் மீண்டும் எடுக்கப்பெற்றதும் நமக்கு மகிழ்வே.

ஆனால், அதற்கு இட்ட பெயர்? ‘சென்னை சங்கமம்’! காவிரியோடு பவானி கலக்குமிடத்தைக் கூடுதுறை என்றே எழுத்தறியா உழவரும் சொல்கின்றனர். (அங்கே கோயில்கொண்ட இறைவன் சங்கமேசுவரர் ஆனது வேறு கொடுமை.) மதுரையையே கூடல் என்றழைத்த இனத்திற்கு, கலைகள் கூடும் விழாவுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லையாம்!

2023இல் ‘நம்ம ஊரு திருவிழா’ என்பதும் உடன் சேர்ந்தது. நல்லதே. எனினும் வடசொல்லைத் தலையில் வைத்துத் தமிழை வாலாக ஒட்டுவானேன்? பறைக்குத் தெருவைத் திறந்துவிட்டவர்கள் பெயர்ப்பலகையில் தமிழுக்கு ஏன் கதவடைத்தனர்?

‘சென்னைக் கூடல்’ என மாற்றுமாறு கலை பண்பாட்டுத் துறைக்கு அன்பர்கள் ஒவ்வொருவரும் இன்றே மடல் எழுதுக. அடுத்த விழாவின் அழைப்பிதழ் அச்சேறுமுன் அம்மடல்கள் சென்று சேர வேண்டும்.