கெராங் எங்கிருந்து வந்தது என்று சந்தையில் எழுதி வையுங்கள்

பினாங்கில் ஒரு தட்டு சார் கொய் தியாவில் நாலு கெராங்காவது இல்லையென்றால் சாப்பிடுகிறவருக்கு மனம் நிறையாது. கறி மீயிலும் அது மிதக்க வேண்டும். அதே சமயம், "கெராங் அதிகம் சாப்பிடாதே, அதில் அழுக்கு இருக்கும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதையும் மாணவர்களாகிய நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

என்ன அழுக்கு? எவ்வளவு? எந்தக் கடலோரத்தில் பிடித்த கெராங்கில்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் சொல்லும் அறிவுரையால் சாப்பிடுகிறவருக்கும் பயனில்லை, கெராங் எடுத்துப் பிழைக்கும் மீனவருக்கும் பயனில்லை. பதிலை அறிவியல் தரும். அதைச் சந்தைக்குக் கொண்டுவந்து எழுதி வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

"அழுக்கு" என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று கிருமிகள். அரைவேக்காட்டில் உண்ணும் கெராங்கால் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்பாடிட்டிஸ் 'ஏ' பரவக்கூடும். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். மற்றொன்று கன உலோகங்கள்: பாதரசம், காட்மியம், ஈயம் போன்றவை. உலோகம் ஒரு தனிமம். அதைக் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அழியாது. அதற்கு நிறமோ வாசனையோ தெரியாது, நாக்கும் கண்டுபிடிக்காது. கிருமியைச் சமையலறையில் வெல்லலாம், உலோகத்தை அங்கே வெல்ல முடியாது.

கெராங்கில் உலோகம் சேர்வதற்குக் காரணம் அதன் வாழ்க்கை முறை. அது மீனைப்போல் நீந்தி வேறு இடம் தேடிப் போவதில்லை. ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய சேற்றில் புதைந்து கிடந்து, நீரைச் செவுள் வழியே உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிரிகளை வடிகட்டி உண்கிறது. நீரோடும் சேற்றோடும் வருகிற உலோகத்தின் ஒரு பகுதி அதன் சதையில் தங்குகிறது. வெளியேறுவதைவிடச் சேர்வது அதிகமாக இருந்தால் நாளுக்கு நாள் அளவு கூடும். இதை உயிரினத் திரட்சி என்பார்கள். சுத்தமான சேற்றில் வளர்ந்த கெராங்கும் கழிவு கலந்த சேற்றில் வளர்ந்த கெராங்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே "கெராங் நல்லதா கெட்டதா" என்று கேட்பதைவிட "எந்த இடத்துக் கெராங்" என்று கேட்பதே சரி.

பாதரசத்தின் வழி சற்று வேறு. நீரடிச் சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மிதவை உயிரிகளிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் போகப் போக அதன் செறிவு பெருகும். அதனால்தான் சுறா, பெரிய துனா போன்ற வேட்டை மீன்களில் அது அதிகம். கெம்போங், நெத்திலி போன்ற சிறு மீன்களில் பொதுவாகக் குறைவு.

உடலுக்கு இவை செய்வது என்ன? மெத்தில் பாதரசம் நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் மூளை வரை போகிறது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம். ஒரு தட்டு உணவால் யாரும் விழுந்துவிடுவதில்லை. வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் சேர்வதுதான் கவலை.

அளவைக் கணக்கிட்டே பார்க்கலாம். உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் வரை தாங்கத்தக்கது என்று 2003இல் நிர்ணயித்தது. உங்கள் எடை 50 கிலோ என்றால் வாரத்திற்கு 80 மைக்ரோகிராம். ஒரு வேட்டை மீனில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் இருந்தால், அதில் 80 கிராம் சாப்பிட்டாலே அந்த அளவு வந்துவிடும். கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் மட்டுமே உள்ள சிறு மீன் என்றால் 1.6 கிலோ வரை சாப்பிடலாம். மீன் சாப்பிடுவதை நிறுத்த வேண்டாம். புரதமும் ஒமேகா-3 கொழுப்பும் நமக்குத் தேவை. எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்தால் போதும்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். செபராங் பிறையில், ஜூரு ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது கோலா ஜூரு என்ற மீனவர் கிராமம். 1970களில் பிறைத் தொழிற்பேட்டை வளர்ந்தபோது ஆற்றில் கழிவு கலந்தது, மீன்பாடு சரிந்தது. கிராமத்து மக்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் துணையோடு குரல் எழுப்பினார்கள். மீன் குறைந்ததால் கெராங் வளர்ப்பில் இறங்கி, கூட்டுறவாக உழைத்தார்கள். ஆனால் கெராங்கும் அதே சேற்றில்தான் வளர வேண்டும். கடலில் கழிவைக் கொட்டியவர்கள் அவர்கள் அல்லர். இருந்தும், "ஜூரு கெராங்கா, வேண்டாம்" என்று யாராவது சொன்னால் முதலில் நட்டப்படுவது அவர்கள்தாம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974ஆம் ஆண்டிலேயே வந்தது. 2024இல் திருத்தப்பட்டு, அபராதத்தின் உச்சவரம்பு 10 மில்லியன் ரிங்கிட்டாக உயர்ந்தது. இவை நல்லவையே. ஆனால் ஒரு கணக்கைக் கவனியுங்கள். 2009ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்திற்குக் கீழே ஆற்றில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் வரை காட்மியம் இருக்கலாம். ஓர் ஆலை நாளொன்றுக்கு பத்து லட்சம் லிட்டர் விடுகிறது, ஒவ்வொரு லிட்டரிலும் உச்சவரம்பு அளவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 20 கிராம், ஓராண்டுக்கு 7.3 கிலோ. அப்படிப் பத்து ஆலைகள் இருந்தால் 73 கிலோ. எவரும் சட்டத்தை மீறவில்லை, ஆனாலும் அத்தனையும் ஒரே முகத்துவாரத்தை நோக்கி வருகிறது. சட்டம் ஒவ்வொரு குழாயிலும் லிட்டர் கணக்குப் பார்க்கிறது. கெராங் எல்லாக் குழாய்களின் மொத்தக் கணக்கையும் தன் சதையில் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் நாம் படிக்க வேண்டும்.

இது புதுமையான யோசனை அன்று. சிப்பியைச் சோதித்தே கடலோரத்தின் நிலையை அறியலாம் என்று எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1975இல் எழுதினார். 1986 முதல் அமெரிக்க அரசு தன் கடலோரங்களில் அதைத் தொடர்ந்து செய்து வருகிறது. நம் நாட்டிலும் புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீபகற்பத்தின் மேற்குக் கடலோரப் பச்சைச் சிப்பிகளை இதே நோக்கத்தோடு ஆராய்ந்திருக்கிறார்கள். இத்தகைய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, உலோக அளவு இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதே.

ஆனால் ஆய்விதழில் அச்சான எண் மீன் சந்தைக்கு வந்து சேர்வதில்லை. காற்றுக்கு நாம் இப்படியா செய்கிறோம்? புகைமூட்டக் காலத்தில் ஐபியு எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைச் சுற்றுச்சூழல் துறை மணிக்கு மணி வெளியிடுகிறது. வெளியே விளையாடலாமா, பள்ளியை மூடலாமா என்பதை அந்த எண்ணைப் பார்த்தே முடிவு செய்கிறோம். பாட்டிகள்கூட "இன்றைக்கு ஐபியு எவ்வளவு" என்று கேட்கக் கற்றுக்கொண்டார்கள். கெராங்குக்கு மணிக்கு மணி தேவையில்லை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு வளர்ப்பிடத்திலும் சோதித்து, முடிவை இணையத்தில் இடவாரியாக வெளியிடட்டும். சந்தையில் கெராங் கூடைமேல் அது வந்த இடத்தின் பெயரும் கடைசிச் சோதனையின் முடிவும் எழுதியிருக்கட்டும்.

"எண்களை வெளியிட்டால் மக்கள் பயந்துவிடுவார்கள், மீனவர் பிழைப்புக் கெடும்" என்று சிலர் சொல்வார்கள். பிழைப்பைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் எண் இல்லாத இடத்தில் வதந்தி வருகிறது. அது சுத்தமான இடத்துக் கெராங்கையும் சேர்த்தே விற்காமல் செய்துவிடுகிறது. எண் வெளியானால் நல்ல வளர்ப்பிடத்தின் மீனவருக்கு அது நற்சான்றிதழ். கெட்ட வளர்ப்பிடத்தின் மீனவருக்கோ, கழிவு விட்டவரிடம் இழப்பீடு கேட்க அது ஆதாரம்.

முடிவை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் மினமாத்தா சாட்சி. அங்கே கைகால் நடுங்கி, பேச்சுக் குழறும் புதிய நோய் 1956 மே மாதம் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. 1959இல் சிஸ்ஸோ ஆலையின் மருத்துவர் ஹோசொகாவா ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கு அதே நோய் வந்தது. அந்த முடிவு வெளியே வரவில்லை. ஆலைப் பாதரசமே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். இடைப்பட்ட ஆண்டுகளில் கழிவு கடலில் கலந்துகொண்டிருந்தது, மீனவர் குடும்பங்கள் மீனைத் தின்றுகொண்டிருந்தன. பிறக்கும்போதே நோயோடு பிறந்த குழந்தைகளும் உண்டு. அறிவியல் 1959இலேயே பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதில் ஊருக்குத் தெரியவில்லை.

பினாங்கு மினமாத்தா அன்று. அப்படிப் பயமுறுத்துவதும் தவறு. ஆனால் சோதனை முடிவு யாருடைய சொத்து என்ற கேள்வி இரு ஊருக்கும் ஒன்றுதான். என்னைக் கேட்டால், அந்தச் சேற்றில் வேலை செய்கிறவருக்கும் அந்தத் தட்டில் சாப்பிடுகிறவருக்கும் அது சொந்தம்.

அதுவரை வீட்டில் சிறு மீன்களை அதிகமாகவும், பெரிய வேட்டை மீன்களை எப்போதாவதும் வாங்கச் சொல்லுங்கள். கெராங்கை நன்றாக வேகவைத்து, அளவோடு உண்ணுங்கள். அடுத்த முறை அம்மாவோடு சௌராஸ்தா சந்தைக்கோ உங்கள் ஊர்ச் சந்தைக்கோ போகும்போது, "அண்ணே, இந்தக் கெராங் எங்கிருந்து வருது?" என்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம், அது அவர் குற்றமன்று. பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார். நூறு பேர் கேட்டால் அந்தக் கேள்வி மீன்வளத் துறையின் மேசை வரை போகும்.