தொடுதிரைச் சாதனங்களுக்கு டிஜிட்டல் சான்றிதழ்: தேதி தவறினால் வைஃபை இல்லை

புதுதில்லி: அலுவலகக் கூட்ட அரங்குகளின் சுவர்களில் பொருத்தப்படும் தொடுதிரைச் சாதனங்கள் பல இடங்களில் ஒரே வைஃபை கடவுச்சொல்லில் இயங்குகின்றன. அது ஒருமுறை கசிந்தால், எல்லாச் சாதனங்களிலும் மாற்ற வேண்டியிருக்கும்.

இதற்கு மாற்றானது 'இஏபி-டிஎல்எஸ்' முறை. 2008-இல் ஆர்எஃப்சி 5216 ஆவணத்தில் வரையறுக்கப்பட்ட இம்முறையில், சாதனமும் சர்வரும் டிஜிட்டல் சான்றிதழ் மூலம் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. ஒரு சாதனம் களவுபோனால் அதன் சான்றிதழை மட்டும் ரத்து செய்தால் போதும்.

சாதனத்தில் மூலச் சான்றிதழ், அதன் சொந்தச் சான்றிதழ், ரகசியத் திறவுகோல் ஆகியவற்றை நிறுவ வேண்டும். மூலச் சான்றிதழின்றி சர்வர் சரிபார்ப்பைக் கைவிட்டால், அதே பெயரில் இயங்கும் போலி வைஃபையைச் சாதனத்தால் அடையாளம் காண இயலாது. சரிபார்ப்பைத் தவிர்க்கும் தெரிவை ஆண்ட்ராய்டு 11-இன் 2020 டிசம்பர் புதுப்பிப்பில் கூகுள் நீக்கியது இதனால்தான்.

அடுத்த சிக்கல், கடிகாரம். மின்தடையால் சாதனத்தின் தேதி பின்னோக்கிச் சென்றால், செல்லத்தக்க சான்றிதழும் நிராகரிக்கப்படலாம். சரியான நேரமின்றி வைஃபை கிடைக்காது; வைஃபையின்றி நேரத்தைத் திருத்த இயலாது. நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் கடிகாரங்களை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களுடன் ஒத்திசைக்குமாறு செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் உத்தரவிட்டது. ஆனால் அந்த நேரம் சாதனத்தைச் சென்றடைய, கேபிள் இணைப்பு போன்ற மாற்று வழி தேவை.

சான்றிதழை நிறுவுவதுடன் பணி முடிவதில்லை. புதுப்பிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காவிடில், ஒரே நாளில் சான்றிதழ் பெற்ற சாதனங்கள் அனைத்தும் ஒரே நாளில் இணைப்பை இழக்கக்கூடும்.