வாவிக்கரைக்கு வேண்டியது கடனன்று, தொழில்!

மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று புகழாத நாவில்லை. நிலாக்காலத்திலே கல்லடிப் பாலத்தருகே நின்று வாவியின் இசையைக் கேட்டு மகிழ்வதற்கு வெளியூரிலிருந்தெல்லாம் மக்கள் வருகின்றனர். அதே வாவியின் மேற்குக் கரையிலே, காலை வேளையில் மோட்டார்ச் சைக்கிளின் ஓசை கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தையின் அழுகையையும் அடக்கிக்கொண்டு உள்ளே ஒடுங்கியிருக்கும் தாய்மாரை எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்? வாசலில் வந்து நிற்பவர் விருந்தினர் அல்லர். கிழமைக் கடனை அறவிட வந்தவர். தேன்நாட்டின் இன்றைய கதை இது. இதைக் கூற நாம் வெட்கப்படுகிறோம்; கூறாதிருக்கவோ நம்மால் முடியவில்லை.

இரு கரைகள், இரு வாழ்வு

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி நிலத்தை இரண்டாகப் பிரித்ததுபோல் வாழ்வையும் இரண்டாகப் பிரித்துவிட்டது. கிழக்கே எழுவான்கரை. நகரமும் கச்சேரியும் பெரிய ஆஸ்பத்திரியும் பெயர்பெற்ற பாடசாலைகளும் கடைத்தெருவும் அங்கேயே. மேற்கே படுவான்கரை. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி எனப் பரந்து கிடக்கும் வயல்நிலம் அது. உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் பாய்ச்சும் நீரிலே விளையும் நெல் நாட்டுக்கு உணவாகிறது. விளைவித்தவன் வீட்டிலோ ஐப்பசி, கார்த்திகையிலே அடுப்பெரிவது கடினமாகிறது.

இந்த ஏற்றத்தாழ்வு நேற்று முளைத்ததன்று. போடியார் நிலம் வைத்திருந்தார், முல்லைக்காரன் உழைத்தான். 1958-ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்கு ஓரளவு பாதுகாப்பளித்தது உண்மையே. ஆனால் நாட்கூலிக்கு நின்றவனுக்கு அச்சட்டம் ஒரு முழ நிலமும் கொடுக்கவில்லை. பின்னர் 1978-இல் சூறாவளி; அதன்பின் கால் நூற்றாண்டுப் போர்; 2004-இல் ஆழிப்பேரலை. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த தென்னையும் தோணியும் மாடும் வீடும் போயின. வீட்டுத் தலைவனையே இழந்த குடும்பங்கள் எத்தனை! மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைக்கும் நம் பகுதியின் வழக்கமோ மாறவில்லை. கையிலே காசில்லை, கடமையோ தலைமேல் நிற்கிறது.

போர் ஓய்ந்தது, பாதைகள் திறந்தன. 2014-இல் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டது. தொழிற்சாலைகள் வரும், பிள்ளைகளுக்கு வேலை வரும் என்று காத்திருந்தோம். கிராமந்தோறும் வந்து சேர்ந்தவர்கள் நுண்கடன் கொடுப்போரே!

நாடு முழுவதற்குமான கணக்கும் இதையே சொல்கிறது. 2019-ஆம் ஆண்டின் வீட்டு வருமான மதிப்பீட்டின்படி, வருமானத்தில் உச்சியிலுள்ள ஐந்திலொரு பங்குக் குடும்பங்கள் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் பெற்றன. அடியிலுள்ள ஐந்திலொரு பங்கினருக்கு இருபதில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. அதன்பின் வந்த பொருளாதார வீழ்ச்சியிலே வறுமை ஏறத்தாழ இருமடங்காயிற்று. 2023-இல் நால்வரில் ஒருவர் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தார் என்று உலக வங்கி மதிப்பிட்டது.

ஆராய்ச்சி சொல்லும் கணக்கு

ஏழைப் பெண்ணுக்குச் சிறு கடன் கொடுத்தால் அவள் தொழில் செய்து முன்னேறுவாள் என்பது கேட்க இனிமையான வாதம். வங்காளதேசத்தின் முகம்மது யூனுஸ் அவர்களும் அவர் தொடங்கிய கிராமீன் வங்கியும் 2006-இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றதும் அந்த வாதத்துக்குப் பெருமை சேர்த்தது. நாமும் அதை நம்பியவர்களே. ஆனால் நம்பிக்கை வேறு, கணக்கு வேறு.

இந்தியாவிலே, ஐதராபாத் நகரின் ஏழைப் பகுதிகளில், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டப்ளோ முதலிய அறிஞர்கள் நுண்கடன் சென்ற இடங்களையும் செல்லாத இடங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். 2015-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு யாது? சில தொழில்கள் சற்றுப் பெருகின. ஆனால் குடும்பங்களின் மொத்தச் செலவு வசதி குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. பெண்களின் நிலையிலோ பிள்ளைகளின் கல்வியிலோ மாற்றம் காணப்படவில்லை. ஆராய்ந்தவர்கள் ஏழைகளின் எதிரிகள் அல்லர். அவர்களுள் பானர்ஜியும் டப்ளோவும் வறுமை ஒழிப்பு ஆராய்ச்சிக்காகவே 2019-இல் நோபல் பரிசு பெற்றவர்கள்.

இன்னும் அருகே வருவோம். நம் இலங்கையிலேயே, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிறு தொழிலாளரிடையே சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்தோபர் வுட்ரவ் ஆகிய மூவரும் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். கடனாக அன்று, இனாமாகவே 10,000 அல்லது 20,000 ரூபாய் கொடுத்துப் பார்த்தனர். 2008-இல் வெளியிட்ட முடிவின்படி, அந்த முதல் சராசரியாக மாதத்துக்கு ஏறத்தாழ 5 சதவீத வருவாய் தந்தது. நல்ல செய்திதானே என்று மகிழ்வதற்குள், மறு ஆண்டு அவர்கள் வெளியிட்ட மற்றொரு முடிவு நெஞ்சைத் தாக்கியது. அந்த வருவாய் முழுவதும் ஆண்கள் நடத்திய தொழில்களுக்கே கிடைத்தது. பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரி வருவாய் உயர்வு ஏதுமில்லை!

பெண்ணுக்குத் திறமை இல்லை என்பதா இதன் பொருள்? அன்று, ஒருபோதும் அன்று. இதே கணக்குகளையும் இந்தியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் கிடைத்த கணக்குகளையும் மீண்டும் ஆராய்ந்து வேறு சிலர் 2019-இல் எழுதினர். பெண்ணின் பெயரில் வந்த பணம் பலவேளை கணவனின் தொழிலுக்குச் சென்றதையும், வீட்டில் அவள் ஒருத்தியே தொழில் நடத்தும் இடத்தில் வருவாய் ஆணுக்குக் குறையாததையும் அவர்கள் எடுத்துக் காட்டினர். பணம் ஓரிடம் போகிறது; கையெழுத்தும் கடமையும் அவள் தலைமேல் நிற்கின்றன.

இனி வட்டியைப் பாருங்கள். 2018-இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் கடன் விவகார நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் ஆண்டு வட்டி 220 சதவீதம் வரை எட்டியிருந்ததாகக் கூறினார். ஆண்டுக்கு 220 சதவீதம் என்றால் மாதத்துக்குப் 18 சதவீதத்துக்கு மேல்! சராசரித் தொழிலே மாதம் 5 சதவீதம்தான் தரும் என்றால், மீதியை எங்கிருந்து கொடுப்பது? தோட்டையும் தாலியையும் அடைவு வைக்க வேண்டும். அதுவும் போனால் மற்றொரு கம்பனியில் கடன் பெற்று முதற் கம்பனிக்குக் கட்ட வேண்டும். கிணறு தோண்டப் பூதம் புறப்பட்ட கதை வேறென்ன?

2018-இல் அரசாங்கம் மட்டக்களப்பு உட்பட வரட்சியால் வாடிய 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்றுச் செலுத்த முடியாதிருந்த ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. வட்டிக்கும் உச்சவரம்பு பேசப்பட்டது. நன்றி கூறுகிறோம். எனினும் நோயின் வேர் வெட்டப்படவில்லை. 2016-ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டம் மக்களிடம் வைப்புப் பெறும் நிறுவனங்களையே பெரிதும் நோக்கியது. கடன் மட்டும் கொடுத்து அறவிடுவோர் பலர் அதன் பிடிக்கு வெளியே நின்றனர். 2021-இல் பக்கத்து மாவட்டமாகிய பொலன்னறுவையிலே, ஹிங்குராக்கொடையில், சிங்களச் சகோதரிகள் இதே கொடுமைக்கு எதிராகத் தெருவோரத்தில் சத்தியாக்கிரகம் இருந்தனர். கடனுக்கு மொழியும் இல்லை, மதமும் இல்லை. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாழும் முஸ்லிம் தாய்மாரின் துயரமும் இதுவே.

நாட்டுக்கு ஒரு நீதி, வீட்டுக்கு ஒரு நீதியா?

2022 ஏப்ரில் 12-ஆம் நாள் இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுக் கடனை இப்போது செலுத்த முடியாது என்று உலகறியக் கூறியது. அதற்காக எவரும் திறைசேரியின் வாசலில் வந்து நின்று கூச்சலிடவில்லை. சட்ட நிபுணர்கள் வந்தனர், பேச்சுவார்த்தை நடந்தது, தவணை நீட்டப்பட்டது, ஒரு பங்கு விட்டுக்கொடுக்கவும் பட்டது. தோமஸ் பிக்கெட்டி, ஜயதி கோஷ் உள்ளிட்ட 182 அறிஞர்கள் 2023 சனவரியில், கூடிய வட்டிக்குக் கடன் கொடுத்தவர்கள் இடரையும் ஏற்கத்தான் வேண்டும், இலங்கையின் கடனைத் தள்ளுங்கள் என்று அறிக்கை விடுத்தனர். மிக நியாயமான கூற்று. அந்த நியாயத்தைத்தான் கொக்கட்டிச்சோலைத் தாயும் கேட்கிறாள்! திருப்பிக் கொடுக்க முடியாதவர் என்று அறிந்தும் கொள்ளை வட்டிக்குக் கொடுத்தவனுக்கு இடரில் பங்கில்லையா?

நாட்டின் கடன்சுமை பின்னர் யார் தோளில் இறங்கியது என்பதையும் மறக்கலாகாது. 2023-இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகளின் பிணைமுறிகளைத் தொடாமல் விட்டு, தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியின்மேல் கைவைத்தனர். 2024 சனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. கோடீஸ்வரனும் கூலிக்காரனும் ஒரே வீதத்தில் கொடுக்கும் வரி அது. வலியவன் கடனை எளியவன் அடைப்பதே பொருளாதாரச் சீர்திருத்தமாயின், அந்தச் சீர்திருத்தத்தை நாம் எவ்வாறு வாழ்த்துவது?

பசுமை என்னும் பெயரால்

இனி எங்கும் பசுமைப் பொருளாதாரம் என்றே பேச்சு. இயற்கை வளத்தைக் காத்து, அதைக் காப்பவனுக்கு நேர்மையான ஊதியமும் தரும் வேலையே பசுமைத் தொழில் என்று சர்வதேச தொழில் அமைப்பு விளக்குகிறது. நாம் இதை மனமார வரவேற்கிறோம். ஆனால் ஊதியத்தை மறந்துவிட்டுப் பசுமையை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன நேரும் என்பதை நம் விவசாயி அறிவான். 2021-இல் ஒரே கட்டளையில் இரசாயன உரம் நிறுத்தப்பட்டது. அவனை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. கட்டளை அந்த ஆண்டு முடியுமுன்னரே நீங்கிற்று. வேளாண்மைக்குப் பட்ட கடன் நீங்கவில்லை. 2025-இல் மன்னார்த் தீவு மக்கள் காற்றாலைத் திட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கியதும் இதே காரணத்தால்தான். பசுமை வேண்டாம் என்பதன்று அவர்கள் கூற்று. எங்கள் மண்ணில் எங்களைக் கேட்டுச் செய்யுங்கள் என்பதே.

கண்டல் காடுகளை எடுத்துக்கொள்வோம். இறாலுக்கும் மீனுக்கும் தொட்டில் அவை. வெள்ளத்துக்கும் அலைக்கும் அரண் அவை. நம் வாவியோரத்திலே போர்க்காலத்தில் பாதுகாப்பின் பெயராலும், இறால் பண்ணைகளுக்காகவும், விறகுக்காகவும் அவை பெரிதும் அழிந்தன. 2015-இல் சுதீச என்னும் மீனவர் அமைப்பும் அமெரிக்காவின் சீகோலஜி நிறுவனமும் அரசாங்கத்தோடு சேர்ந்து, தீவெங்கும் கண்டலைக் காக்க 15,000 பெண்களுக்குப் பயிற்சியும் சிறு கடனும் அளிக்கும் திட்டத்தைத் தொடங்கின. இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையும் பாராட்டியது. அந்தப் பாராட்டு தகும். ஆயினும் ஒன்று கேட்போம். காவல் செய்பவனுக்குக் கூலி கொடுப்பது உலக வழக்கு. காவல் செய்பவளுக்குக் கடன் கொடுப்பது எந்த ஊர் வழக்கு?

கூலி கொடுக்க முடியாதென்பதும் பொய். இந்தியா 2005-இல் நிறைவேற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ், தமிழ்நாட்டு மக்கள் நூறு நாள் வேலை என்று அழைத்த திட்டத்தில், குளம் தூர்வாரியும் கரை கட்டியும் பெண்கள் தம் பெயரிலேயே கூலி பெற்றனர். அத்திட்டம் வந்த பகுதிகளில், வேலை குறைந்த கோடை மாதங்களிலே தனியார் கொடுத்த கூலியும் உயர்ந்தது என்று 2015-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. அரசாங்கம் ஒரு கூலியை நிலைநாட்டினால் முதலாளியும் அதற்கு இறங்கி வருவான் என்பதே அதன் பாடம்.

நாம் கேட்பது

முதலாவது, கண்டல் நடுதல், குளக்கட்டுத் திருத்தம், வாய்க்கால் துப்புரவு, வாவியிலும் குளத்திலும் படரும் ஆற்றுவாழையை அகற்றுதல் ஆகியவற்றைக் கூலியுள்ள வேலைகளாக்க வேண்டும். கோடையிலே வயலில் வேலையற்ற படுவான்கரைக் குடும்பத்துக்கு அது கடனில்லாத வருமானம்.

இரண்டாவது, நெல்லுக்குக் காலத்தே விலையும் களஞ்சியமும் வேண்டும். 2025-இல் நாடு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்று அரசாங்கம் விலை அறிவித்தது பெப்ரவரியில். நம் பகுதியிலே தை மாதத்திலேயே வெட்டுத் தொடங்கிவிடுகிறது. வெட்டு இயந்திரக் கூலியும் கடன்காரனும் களத்திலேயே காத்து நிற்க, விவசாயி அறிவிப்பு வரும்வரை நெல்லைப் பிடித்து வைப்பானா?

மூன்றாவது, கடன் கொடுக்கும் ஒவ்வொருவரும் சட்டத்தின்கீழ் வரவேண்டும். உண்மையான ஆண்டு வட்டி தமிழில் எழுதித் தரப்படவேண்டும். இந்நாட்டிலே 1911-இலேயே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சங்கங்களுக்கு அரசாங்கம் முதலிட்டு உயிர்கொடுக்கட்டும். 2030-இல் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கும் வளங்களிலிருந்து பெறப்போவதாகக் கூறுகின்றனர். வாவிக்கரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அந்த வெயிலில் விளையும் மின்சாரத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் உரிமைப் பங்கு இருக்கட்டும். வேலியைக் காக்கும் வேலை மட்டும் நம்மவர்க்கு என்றால் அது நீதியாகாது.

இறுதியாக நம்மவர்க்கும் ஒரு வார்த்தை. எழுவான்கரையில் மாதச் சம்பளம் பெறும் உத்தியோகத்தர்களே, சட்டத்தரணிகளே, கணக்காளர்களே! கிழமைக்கு ஒரு மாலை பாலத்தைக் கடந்து செல்லுங்கள். நம் தாய்மார் கையெழுத்திட்ட பத்திரங்களை வாசித்துச் சொல்லுங்கள். நம்மிடையே கைமாற்றுக்கு மீற்றர் வட்டி வாங்குவோர் இருப்பின் அவர்களுக்கும் நாணத்தை உண்டாக்குங்கள். விவசாயப் பெருமக்களே! தனித்தனியே கடன் வாங்கித் தனித்தனியே அழிவதிலும், சங்கமாகச் சேர்ந்து ஒரு களஞ்சியம் கட்டுவது அரிதன்று. வட்டையிலே நீர் பங்கிடுவதில் காட்டும் ஒற்றுமையை விலை பேசுவதிலும் காட்டுங்கள்.

கடன் கேட்டு நிற்கும் மக்களன்று நாம். உழைக்க இடம் கேட்டு நிற்கும் மக்கள். அதைக் கொடுப்பது அரசாங்கத்தின் கருணையன்று, கடமை. அக்கடமையை அது நிறைவேற்றும்வரை மீண்டும் மீண்டும் கேட்பது நம் கடமை.