வவுணதீவு என்று தேடினால் என்ன வருகிறது?

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. வாவிக்கு மேற்கே நாங்கள் படுவான்கரை என்று சொல்லும் நிலத்தின் வாசல் அது. போர்க்காலத்தில் அந்த வாசலில் சோதனைச் சாவடி இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆட்சி, இந்தப் பக்கம் இன்னொரு ஆட்சி. 2007 வரை வாழ்க்கை அப்படித்தான் போனது.

அண்மையில் ஊரின் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்தேன். எனக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை 2018 நவம்பர் 30ஆம் திகதி வவுணதீவில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டது பற்றிய செய்திகள். அதற்குக் கீழே 1997இல் இராணுவ முகாம் மீது நடந்த தாக்குதல். பொலிஸார் கொலை தொடர்பில் முதலில் கைதானவர் ஒரு முன்னாள் போராளி. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்த பிறகு விசாரணை சஹ்ரானின் குழுவை நோக்கித் திரும்பியது. மே மாதத்தில் அவர் விடுதலையானார். கைதுச் செய்தியைப் பரபரப்பாகப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் விடுதலைச் செய்தியைப் பகிர்ந்தார்கள்?

ஒரு ஊரைப் பற்றி யாரும் புதிதாக எழுதாவிட்டால், பழைய இரத்தமே அதன் முகவரியாக நின்றுவிடும். சிறு வியாபாரம் ஒன்றுக்காக முகநூலில் எழுதத் தொடங்கியபோதுதான் இது எனக்கு விளங்கியது. வியாபாரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தேன் போத்தலில் ஒட்டிய துண்டில் ஊரின் பெயரைப் பார்த்ததும் "அங்கே பிரச்சினை இல்லையா?" என்று கேட்கிறவர்களுக்குத்தான் நாங்கள் பொருள் விற்க வேண்டும்.

"விற்பனைக்கு உண்டு"

2017இல் என் சித்தியின் மகளும் அயலிலுள்ள நான்கு பெண்களும் சேர்ந்து பன்பாய், பன்கூடை, அரிசிமா, காட்டுத்தேன் விற்கத் தொடங்கினார்கள். ஐவரில் மூவர் கணவனை இழந்தவர்கள். நகரத்துக் கடைக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருவதே அதுவரை வழக்கம். நான் அவர்களுக்கு ஒரு முகநூல் பக்கம் திறந்து கொடுத்தேன். கூடையைப் படம் எடுத்து, "விற்பனைக்கு உண்டு" என்று எழுதி, விலையும் தொலைபேசி இலக்கமும் போட்டேன். அடுத்த வாரமும் அதே படம், அதே வசனம். விருப்பம் தெரிவித்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும்.

அந்த ஆண்டு ஒக்டோபரில் அதுவும் நின்றது. எங்கள் பதிவுகள் யாருடைய கண்ணிலும் படவில்லை. பிழை எங்களுடையது என்றே நினைத்தோம். காரணம் பிறகுதான் தெரிந்தது. பேஸ்புக் நிறுவனம் ஆறு நாடுகளில் ஒரு பரிசோதனை நடத்தியிருந்தது. நண்பர்களின் பதிவுகளை ஒரு பக்கத்திலும், காசு கட்டி விளம்பரம் செய்யாத பக்கங்களின் பதிவுகளை வேறொரு மூலையிலும் பிரித்து வைத்துப் பார்த்தார்கள். பொலிவியா, குவாத்தமாலா, சேர்பியா, சுலோவாக்கியா, கம்போடியா ஆகியவற்றுடன் ஆறாவது நாடு இலங்கை. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. 2018 மார்ச்சில் அந்தப் பரிசோதனையைக் கைவிட்டார்கள். அதே மாதம் திகன வன்முறையை அடுத்து அரசாங்கம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் ஒரு வாரத்துக்கு மேல் முடக்கியது.

எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு இது தெரியாத பாடம் அல்ல. குத்தகைக்கு எடுத்த வயலில் எவ்வளவு பசளை போட்டாலும் வரம்பு நமக்குச் சொந்தமில்லை. போகம் முடிய உடமைக்காரன் திருப்பிக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். முகநூல் பக்கமும் அப்படியொரு குத்தகைக் காணிதான். அதில் விதைக்கலாம். ஆனால் விதைநெல்லை வீட்டில் வைத்திருக்க வேண்டும்.

எங்கள் விதைநெல் ஒரு கொப்பி. வாங்கியவர்களிடம் கேட்டு, சம்மதித்தவர்களின் பெயரையும் இலக்கத்தையும் அதில் எழுதத் தொடங்கினோம். 2019 ஏப்ரல் 21இலிருந்து 30 வரை சமூக ஊடகங்கள் மீண்டும் முடங்கியபோது அந்தக் கொப்பியே கைகொடுத்தது. ஊர் முழுக்கப் பயத்தில் அடைந்து கிடந்த அந்த நாட்களிலும் சிலர் அழைப்பை எடுத்தார்கள். "நீங்க எல்லாரும் சுகமா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். வாங்குகிறவர் ஒருவர் எங்களை நலம் விசாரித்தது அதுவே முதல் தடவை.

எதை எழுதுவது?

பக்கம் வளரத் தொடங்கியது தற்செயலாக. ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் பன் வெட்டிக் கொண்டுவந்து காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் படம் எடுப்பதைப் பார்த்து, "மனே, இத ஆரு பாக்கப் போறாங்க?" என்று சிரித்தார். பன் எங்கே வளர்கிறது, தண்ணீர் எந்த அளவில் நிற்கும்போது வெட்டுவது, எத்தனை நாள் வெயில் காட்டுவது, காயாத பன்னில் பின்னினால் ஏன் பூஞ்சணம் பிடிக்கும் என்று அவர் சொன்னதையெல்லாம் அவருடைய பேச்சிலேயே எழுதிப் போட்டேன். விலை போடவே இல்லை.

அன்று இரவு கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் கேள்விகள் வந்தன. தன் தாய் கன்னன்குடாவைச் சேர்ந்தவர் என்றும், சிறுவயதில் அந்தப் பாயில்தான் படுத்தோம் என்றும் ஒருவர் எழுதினார். அந்தக் குளம் இன்னும் இருக்கிறதா என்று இன்னொருவர் கேட்டார். இடம்பெயர்ந்து போனவர்களுக்கு அது விளம்பரமாகத் தெரியவில்லை. வீட்டிலிருந்து வந்த கடிதம் போல இருந்திருக்கிறது.

அதன் பிறகு ஒரு ஒழுங்கு வைத்தோம். வாரம் ஒன்று, அதுவும் புதிதாக. உன்னிச்சைக் குளம் திறந்தால் அதைப் பற்றி, பெரும்போக அறுவடை என்றால் புது அரிசியைப் பற்றி, தேனின் நிறம் ஏன் மாறுகிறது என்பதைப் பற்றி. எழுதுவதற்கு விடயம் தேடி அலைய வேண்டியதில்லை. பருவமே விடயத்தைக் கொண்டுவந்து தரும். கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில். தேன் முடிந்துவிட்டால் "முடிந்துவிட்டது" என்று எழுதினோம். அந்த ஒரு வசனம் பெற்றுத் தந்த நம்பிக்கையை எந்த விளம்பரமும் தரவில்லை. கொழும்பில் வாங்குகிறவர்களுக்காகச் சிங்களத்திலும் நாலு வரி சேர்த்தோம். அதற்கு நகரத்தில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் உதவினார்.

எதை எழுதாமல் விடுவது?

இன்றைய சூழலில் கடினமான கேள்வி இதுதான். வடக்கிலும் கிழக்கிலும் கமெராவுடன் வீடு வீடாகப் போய், அழுகிற முகத்தைப் பக்கத்தில் பிடித்து, உலருணவுப் பொதியைக் கையில் கொடுத்துப் படமெடுக்கும் யூடியூப்காரர்கள் பெருகிவிட்டார்கள். உதவி உண்மையாகவே கிடைக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காணொளி பல வருடம் இணையத்தில் கிடக்கும். அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் அதைச் சுமக்க வேண்டும்.

எங்களிடமும் ஒருவர் சொன்னார்: "விதவைகள் செய்த கூடை என்று போடுங்கள், உடனே போகும்." போயிருக்கும். ஐவரும் கூடிப் பேசினார்கள். சித்தியின் மகள் சொன்னது இதுதான்: "கூடை நல்லமெண்டா வாங்கட்டும். எங்கட கதைக்குக் காசு வேணாம்." அன்றிலிருந்து யாருடைய இழப்பும் எங்கள் பக்கத்தில் வந்ததில்லை. முகம் காட்ட விரும்பாதவர்களின் கைகளை மட்டும் படமெடுக்கிறோம்.

இதில் மானம் மட்டுமல்ல, பாதுகாப்பும் உண்டு. ஒரு தடவை பெரிய கட்டளை கிடைத்த மகிழ்ச்சியில் ஐவரும் நிற்கும் படத்தைப் போட்டோம். அடுத்த கிழமை கடன் அறவிட வந்தவர் கைத்தொலைபேசியில் அந்தப் படத்தைக் காட்டி, "வியாபாரம் நல்லாத்தானே போகுது" என்றார். நுண்கடன் எங்கள் பெண்களை எப்படி வாட்டியது என்பது தெரிந்த கதை. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை அரசே இரத்துச் செய்ய முன்வரும் அளவுக்கு அது முற்றியிருந்தது. அந்தப் படத்தை நாங்கள் எடுத்துவிட்டோம்.

இன்னொரு பயமும் இருக்கிறது. முகநூல் பதிவுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தமிழ் இளைஞர்கள் கைதானதை எங்கள் மாவட்டம் அறியும். 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவிடம் கொடுத்தது. பன்னைப் பற்றி எழுதுகிற எங்களுக்கு என்ன வந்தது என்று நினைக்கலாம். ஆனால் பன் வளரும் குளத்தை யாராவது நிரப்பினால் எழுத வேண்டும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையை இழக்கிற பண்ணையாளர்களை விட்டுவிட்டுத் தயிரின் சுவையை மட்டும் எழுத முடியாது. நவம்பர் மாதம் வந்தால் எங்கள் பெண்கள் என்னிடம், "தம்பி, இந்த மாசம் ஒண்டும் போடாம விடுவமா?" என்று கேட்கிறார்கள். பாய் விற்கிற பக்கத்துக்கும் அந்தக் கேள்வி வருகிற நாட்டில், தொழில் முயற்சியாளருக்கான டிஜிட்டல் பயிற்சிப் பட்டறை மட்டும் போதுமா?

பட்டறைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிறவர்கள் தமிழில் நடத்தட்டும். பாமினியில் தட்டச்சுச் செய்தது கைத்தொலைபேசியில் ஏன் குழம்பித் தெரிகிறது என்பதிலிருந்து தொடங்கட்டும். சேர்பெறுமதி வரி 2022 மே மாதம் வரை 8 வீதமாக இருந்து 2024 ஜனவரியில் 18 வீதமாகியது. கிராமத்துப் பெண் ஒருத்தி டேட்டா அட்டைக்கும் பொதி செய்யும் பெட்டிக்கும் கொடுக்கும் காசில் அந்தச் சுமை தெரிகிறது. பதிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும், தபால் செலவு கூடையின் விலையைத் தாண்டினால் வியாபாரம் இல்லை.

நாங்கள் பணக்காரர் ஆகவில்லை. ஐவரில் ஒருவர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். மிஞ்சிய நால்வரும் தங்கள் விலையைத் தாங்களே சொல்கிறார்கள். நகரத்துக் கடைக்காரர் இப்போது அவர்களுக்கு அழைப்பெடுத்துக் கேட்கிறார்.

போன கிழமை மீண்டும் ஊரின் பெயரைத் தேடினேன். மேலே அதே செய்திகள்தான். நன்றாகக் கீழே இறங்கிப் போனபோது, வெயிலில் காயும் பன்னின் படம் ஒன்று வந்தது. அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது பழைய படம் மனே. இந்த வருசப் பன் இன்னும் நல்லம், வந்து எடு" என்றார்.

சனிக்கிழமை போக வேண்டும்.